படத்திற்கும் ஒரு பெயர் வேண்டும்

ஒரு காலத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்வது என்பதே வீட்டில் ஒரு விசேஷம். திருமணம், புதுநன்மை, காதணி விழா, பள்ளிப் பிரிவுபசாரம் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்கள்தாம் ஸ்டூடியோக்காரர் காமிராவும் கையுமாக வருவார். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். எண்ணி எண்ணித்தான் எடுப்பார். வந்த படங்களைப் பாட்டிமார் கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டி, பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதி வைத்தார்கள். இன்றோ, ஆண்டு விழா மேடையில் ஆடும் ஒரே நடனத்தை நூறு கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. ஆறு மாதம் கழித்து அந்தப் படங்களில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்! "எங்கோ இருக்கிறது, தேட வேண்டும்" என்பதே எல்லார் வாயிலும் வரும் விடை.

படம் எடுப்பது பெருகிவிட்டது. படம் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்த விந்தையைப் பற்றித்தான் எங்கள் கருத்தை அருட்சகோதரியர், ஆசிரியைகள், பெற்றோர், தோழியர் முன் வைக்க விரும்புகிறோம். சுருங்கச் சொன்னால் எங்கள் கருத்து இதுதான்: படங்களை வரிசைப்படுத்தும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், பெயரிடும் வேலையை ஒப்படைக்கக் கூடாது. அந்தப் பெயரிடும் வேலையை, பெயர் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும்.

குவிந்தது எல்லாம் செல்வமாகிவிடாது. நெல் விளையும் நம் பகுதியில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவை விதையையும் சம்பா விதையையும் ஒன்றாகக் கொட்டி வைப்பவர் உண்டோ? இன்ன வயலில் இன்ன பருவத்தில் விளைந்தது என்று தெரிந்தால்தான் அது விதை. தெரியாவிட்டால் அது வெறும் நெல். படமும் அப்படித்தான்.

நம் ஊர் உலகுக்குத் தந்த அறிவு

குவியலை ஒழுங்காக்கும் கலையை உலகுக்குக் கற்றுத் தந்தவர் நம் சீர்காழியில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு இங்கே பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்தாகிய 'எஸ்' நம் ஊரையே குறிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் சீர்காழியை 'ஷியாளி' என்றே எழுதினார்கள்.

அவர் முதலில் கணித ஆசிரியர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, அதன் பின் நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார. அங்கே லண்டன் மாநகரின் ஒரு பெரிய கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சிறு தகடுகள், திருகுகள், சக்கரங்கள் அவ்வளவுதான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு முறை வண்டி, ஒரு முறை பாலம், ஒரு முறை பாரந்தூக்கி! அறிவுத் துறைகளையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பும் அவருடையதே. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1972இல் மறைந்தார்.

நூலுக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். அவருடைய ஐந்து விதிகளில் நூல் என்ற இடத்தில் படம் என்று வைத்துப் பாருங்கள். படங்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொருவருக்கும் அவரவர் படம். ஒவ்வொரு படத்துக்கும் அதற்குரிய பார்வையாளர். தேடுபவரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். தொகுப்பு வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இந்த ஐந்தில் எது நம் படக் குவியலுக்குப் பொருந்தாமல் போகிறது? பென் டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்த படம் யாருக்குப் பயன்படுகிறது?

ஒரு படம், பல வழிகள்

வீட்டில் நாம் படங்களை எப்படி வைக்கிறோம்? 'பிறந்தநாள்' என்று ஒரு பெட்டி, 'வேளாங்கண்ணிப் பயணம்' என்று ஒரு பெட்டி. கணினியில் இதையே ஃபோல்டர் என்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வேளாங்கண்ணியில் தம்பியின் பிறந்தநாளைக் கொண்டாடினால் அந்தப் படம் எந்தப் பெட்டிக்குப் போகும்? பெட்டி ஒன்றுதான், ஆனால் தேடும் வழிகள் பல.

நூலகங்களில் இதற்கு அன்றே விடை கண்டார்கள். நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் இருக்கும். ஆனால் அட்டவணைப் பெட்டியில் அதே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஒரு அட்டை, தலைப்பில் ஒரு அட்டை, பொருளில் ஒரு அட்டை என்று பல அட்டைகள் இருக்கும். எந்த வழியாக வந்தாலும் நூலைச் சென்றடையலாம். பட அட்டவணை மென்பொருள் செய்வதும் இதே வேலைதான். படம் வன்தட்டில் ஓரிடத்தில் இருக்கும். அதற்குரிய குறிச்சொற்கள் அட்டவணையில் இருக்கும். தம்பியின் பெயரைக் கேட்டாலும் அந்தப் படம் வரும். வேளாங்கண்ணி என்று கேட்டாலும் வரும். செப்டம்பர் மாதம் என்று கேட்டாலும் வரும்.

அப்படியானால் என்னென்ன குறிச்சொற்கள் எழுத வேண்டும்? ரங்கநாதன் எந்தப் பொருளையும் ஐந்து கோணங்களில் பார்க்கச் சொன்னார். அவற்றை எளிமையாகச் சொன்னால் ஆள், பொருள், செயல், இடம், காலம் எனலாம். எங்களுக்கோ இதைக் கண்டதும் தமிழ் இலக்கண வகுப்புதான் நினைவுக்கு வந்தது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரித்துப் படிக்கிறோம் அல்லவா? அதில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு படத்துக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும். யார் அல்லது எது? எங்கே? எப்போது? என்ன செய்கிறார்கள்? இலக்கணம் தேர்வுக்கு மட்டும் என்று நினைத்த தோழியர் இனியாவது அதை மன்னிப்பார்களாக!

பன்னிரு பெயர் கொண்ட ஊர்

குறிச்சொல் எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இதற்கு நம் ஊரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்று சீர்காழிக்குப் பன்னிரு பெயர்கள். ஆங்கிலத்திலோ ஷியாளி, சீர்காளி, சிர்காழி என்று ஆளுக்கொரு எழுத்துக் கூட்டல். ஒருவர் 'தோணிபுரம்' என்றும் மற்றொருவர் 'சீர்காழி' என்றும் எழுதி வைத்தால், இரண்டும் ஓர் ஊர்தான் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? நல்ல அட்டவணை மென்பொருளில் ஒரு சொல்லுக்கு அதன் மாற்றுப் பெயர்களையும் சேர்த்துக் கொடுக்க வழி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். அல்லது இன்ன பெயரைத்தான் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மாவட்டமும் அப்படித்தான். 1991க்கு முன் இங்கே எடுத்த படத்தின் பின்னால் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று எழுதியிருப்பார்கள். அதன் பின் அது நாகப்பட்டினம் மாவட்டம். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். ஊர் நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது. எனவே மாவட்டத்தை மட்டும் எழுதாமல் ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவதே அறிவுடைமை.

வீட்டிலும் இதே கதைதான். ஒரே பெண் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் 'பாப்பா'. இருபது ஆண்டு கழித்து 'பாப்பா' என்று தேடினால் மூன்று தலைமுறைப் பாப்பாக்களும் வரிசையாக வந்து நிற்பார்கள்!

கடல் கடந்து மீண்ட சிலைகள்

'இவ்வளவு பாடு எதற்கு? பழைய படங்களால் என்ன பயன்?' என்று கேட்போருக்கு நம் பக்கத்து ஊரையே விடையாகக் காட்டுகிறோம். தரங்கம்பாடி வட்டத்தில் ஆனந்தமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூர் இராசகோபாலசாமி கோயிலிலிருந்து இராமர், சீதை, இலக்குவன் செப்புத் திருமேனிகள் 1978இல் களவாடப்பட்டன. பல்லாண்டுகளுக்குப் பின் அவை இங்கிலாந்தில் இருப்பது தெரியவந்தது. ஆனால் 'இது எங்கள் ஊர்ச் சிலை' என்று வாயால் சொன்னால் போதுமா? சான்று வேண்டும் அன்றோ!

அந்தச் சான்று புதுச்சேரியில் இருந்தது. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படம் எடுத்துச் சேர்த்திருந்தனர். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்டது அவர்களுடைய தொகுப்பு. அதில் ஆனந்தமங்கலம் சிலைகளை 1958இல் எடுத்த படங்கள் இருந்தன. படத்தையும் சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐயத்துக்கு இடமே இல்லை. 2020 செப்டம்பரில் லண்டனில் அவை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, தாயகம் திரும்பின. 2006இல் களவாடப்பட்ட ஸ்ரீபுரந்தான் நடராசர் திருமேனி 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டதற்கும் அந்த நிறுவனத்தின் படங்களே துணை நின்றன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தச் சிலைகளை மீட்டது படம் மட்டும் அன்று. இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன ஆண்டு என்ற குறிப்பும் சேர்ந்தே மீட்டது. ஒன்றரை லட்சம் படங்கள் குறிப்பு இல்லாமல் மூட்டையாகக் கிடந்திருந்தால், ஆனந்தமங்கலத்து இராமரை அதற்குள் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? எடுத்தவரின் உழைப்பு பாதி. எழுதி வைத்தவரின் உழைப்பு பாதி.

2023 ஏப்ரலில் நம் ஊர்ச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது, ஐம்பொன் சிலைகளோடு நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. மண்ணுக்குள் கிடந்தும் அவை தேவாரப் பதிகங்கள் என்று உடனே தெரிந்தது. காரணம், சொற்கள் செப்பேட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. படங்களுக்கும் இந்த முறையே நல்லது. குறிச்சொற்களை மென்பொருளின் அட்டவணையில் மட்டும் வைக்காமல் படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்க வழி உண்டு. மென்பொருள் மறைந்தாலும் எழுத்து மறையாது. வீடுதோறும் பலர் பயன்படுத்திய 'பிக்காசா' என்ற மென்பொருளைக் கூகுள் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. இன்று நாம் நம்பியிருக்கும் மென்பொருள் நாளை நிற்காது என்று யார் உறுதி தர முடியும்? தமிழில் எழுதும்போது யூனிகோடு எழுத்தில் எழுதுவதும் அதனால்தான் இன்றியமையாதது. தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்களாகத் தெரிகின்றன.

இயந்திரம் செய்யட்டும்

இயந்திரத்தின் மேல் எங்களுக்கு எந்த வெறுப்பும் இல்லை. அது அலுப்பில்லாமல் செய்யும் வேலைகளை அதனிடமே விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி. காமிராவின் அட்டையைக் கணினியில் செருகியதும் படங்களை நகல் எடுத்து, ஆண்டு, மாதம், நாள் வாரியாகப் பிரித்து வைக்க மென்பொருளுக்கு ஒரு முறை கட்டளை கொடுத்துவிட்டால் போதும். காமிரா சூட்டிய பொருளற்ற எண்களை நீக்கி, '2025-08-15-விடுதலைநாள்-001' என்று ஒழுங்காகப் பெயர் மாற்றும். ஒரே படத்தை இருபது பேர் அனுப்பியிருந்தால் அவற்றை ஒப்பிட்டு, மிகத் தெளிவான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள உதவும். ஒரே முகம் உள்ள படங்களை ஒன்றாகத் திரட்டிக் காட்டும். 'டிஜிகேம்' போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆகவே பணம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஆனால் இயந்திரம் அறிந்தது எவ்வளவு? பாட்டியின் திருமணப் படம் 1974இல் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்று ஸ்கேன் செய்தால், ஸ்கேன் செய்த தேதியையே அது படத்தின் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடும். பாட்டியின் திருமணமும் பேத்தியின் விளையாட்டு விழாவும் ஒரே வாரத்தில் நடந்ததாகிவிடும்! வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் எடுத்த நாளும் இடமும் பற்றிய உள்குறிப்பு நீங்கிவிடுகிறது; படத்தின் தெளிவும் குறைகிறது. எனவே முக்கியமான படங்களை மூலப் படமாகவே கேட்டு வாங்க வேண்டும்.

இயந்திரம் தானாகச் சூட்டும் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. 2015இல் கூகுள் நிறுவனத்தின் பட மென்பொருள் கறுப்பின மக்கள் இருவரின் படத்துக்கு விலங்கின் பெயரைச் சூட்டியது. உலகமே கண்டித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அறியாத ஒன்றுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 'முகம்' என்று இயந்திரம் சொல்லும். 'அத்தை' என்று சொல்லுமா? 'சேலை கட்டிய பெண்' என்று சொல்லும். 'சுனாமியன்று கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்' என்று சொல்லுமா? அதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் அவரவர் படம்

ரங்கநாதனின் இரண்டாம் விதியாகிய 'ஒவ்வொருவருக்கும் அவரவர் நூல்' என்பதில் எங்கள் மனம் மிகவும் தங்கியது. செல்வருக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும், நகரத்தாருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாருக்கும் நூல் சேர வேண்டும் என்பதே அந்த விதியின் உயிர். படத்திலும் அந்த நீதி வேண்டாமா?

பழைய பள்ளிக் குழுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். படத்தின் கீழே அட்டையில் 'அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்', 'நிற்போர் முதல் வரிசை', 'நிற்போர் இரண்டாம் வரிசை' என்று அழகான கையெழுத்தில் ஒவ்வொரு பெயரும் இருக்கும். கடைசி வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கும் சிறுமிக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. கணினி இல்லாத காலத்தில் அந்தப் பொறுமை இருந்தது. இன்று எங்கும் நாம் காணும் விழாப் படங்களில் சிறப்பு விருந்தினருக்குப் பெயர் உண்டு, பரிசு பெற்றவருக்குப் பெயர் உண்டு. விழாவுக்கு முதல் நாள் அரங்கத்தைப் பெருக்கிய ஆயாவுக்கு? சத்துணவு சமைப்பவருக்கு? வேனை ஓட்டி வரும் அண்ணனுக்கு? குழுப்பாடலில் மூன்றாம் வரிசையில் நின்று பாடியவளுக்கு? 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொற்களுக்குள் அவர்கள் எல்லாரும் அடங்கிப் போகிறார்கள்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற உவமையையும் படிக்கிறோம். 'மற்றும் பலர்' என்று எழுதும் பேனாவுக்கு அந்த உவமை சற்று நினைவிருக்கட்டும்.

திருச்சபைக்குப் பெயர் எழுதி வைப்பது புதிதன்று. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குதோறும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கம் ஒழுங்கு செய்தது. இன்றும் ஒருவர் உறுதிபூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கிறார்கள். ஒரு பெயர், அதன் அருகே வளர்ந்துகொண்டே போகும் குறிப்புகள்! நம் படத் தொகுப்புக்கு இதைவிட நல்ல முன்மாதிரி உண்டா? பதிவேட்டில் ஏழையின் குழந்தைக்கும் செல்வரின் குழந்தைக்கும் ஒரே அளவு இடம்தான் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

வேலியும் வேண்டும்

பெயர் எழுதுவது ஒன்று. பெயரை ஊருக்கெல்லாம் பரப்புவது வேறொன்று. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படங்களைக் கையாள்வதில் மிகுந்த கவனம் தேவை. முகமும் பெயரும் ஊரும் சேர்ந்த படம் பொது இணையத்துக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப அழைக்க முடியாது. எனவே பெயர் எழுதிய தொகுப்பு பள்ளியின் கணினியிலேயே, பொறுப்பான ஒருவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். முகம் காணும் வசதியைப் பயன்படுத்தினால், படத்தை வெளியே அனுப்பாமல் நம் கணினிக்குள்ளேயே அந்த வேலையைச் செய்யும் மென்பொருளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. 'என் படம் வேண்டாம்' என்று ஒரு மாணவி சொன்னால், அவள் காரணம் சொல்லாவிட்டாலும் அதை மதிப்பதே பண்பு.

மற்றொரு வேலி வெள்ளத்துக்கு எதிரானது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நாம் கண்டோம். தண்ணீர் புகுந்த வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைப்பார்கள். ஆல்பத்தை யார் நினைப்பார்கள்? நனைந்த ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது அரிது. கணினி வன்தட்டும் ஒரு நாள் பழுதாகக் கூடியதே. ஆகவே எந்தத் தொகுப்புக்கும் மூன்று பிரதிகள் வேண்டும் என்றும், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில், இருக்க வேண்டும் என்றும் அறிந்தோர் சொல்கின்றனர். தென்னையை நட்டவர் வேலியும் போடுவது போலத்தான் இது.

எங்கள் வேண்டுகோள்

பள்ளிக்கு எங்கள் பணிவான வேண்டுகோள்கள் மூன்று. ஒவ்வொரு விழா முடிந்த மறுவாரமும் ஒரு பாடவேளையைப் படங்களுக்கென ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சிறந்த படங்களைத் தெரிந்தெடுத்து யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கையும் எழுதிவிடலாம். தேர்வு நெருங்கும்போது இதற்கு நேரம் ஏது என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம். அன்றன்று எழுதினால் ஒரு மணி, பத்தாண்டு கழித்து எழுதினால் ஒரு மாதம். இரண்டாவது, இந்தப் பணியை ஒரே வகுப்பின் தலையில் கட்டாமல் எட்டாம் வகுப்பிலிருந்தே மாணவியரைப் பழக்க வேண்டும். நாங்கள் போனபின் அட்டவணையும் எங்களோடு போய்விடக் கூடாது அல்லவா? மூன்றாவது, பள்ளியில் பழைய பெட்டிகளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை முன்னாள் மாணவியர் கூடும் நாளில் மேசைமேல் பரப்பி வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் முதிய அருட்சகோதரியரும் அந்த முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்ல, நாங்கள் அருகில் அமர்ந்து எழுதிக்கொள்கிறோம். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் கேள்விக்குறி இட்டு வைப்போம். ஊகத்தை உண்மைபோல் எழுதமாட்டோம்.

தோழியரே, வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. ஒரு பழைய ஆல்பம். ஒரு பாட்டி அல்லது தாத்தா. இவ்வளவே போதும். மென்பொருள் பிறகு வரட்டும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். "இது யார் பாட்டி? இது எந்த ஊர்? இந்தச் சேலை என்ன நிறம்?" என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் நிறத்தைச் சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது, பாட்டியால் முடியும். அவர்கள் மறைந்தபின் அந்த ஆல்பத்தில் எஞ்சுவது முகங்கள் மட்டுமே. 'யாரோ ஒரு அம்மாள்', 'யாரோ ஒரு குழந்தை' என்று பேரப் பிள்ளைகள் புரட்டிவிட்டுப் போவார்கள். அந்த 'யாரோ' தம் வாழ்நாளெல்லாம் ஒரு குடும்பத்தைத் தாங்கியவராக இருக்கலாம்.

உலகத்து நூலகங்களுக்கெல்லாம் ஒழுங்கைக் கற்பித்தவரைப் பெற்ற ஊர் இது. அவருடைய பிறந்தநாளை ஆகஸ்டு 12 அன்று நாடே நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த நாளில் அவர் படத்துக்கு மாலை அணிவிப்பதோடு நின்றுவிடாமல், நம் வீட்டுப் படங்களில் பத்துக்காவது பெயர் எழுதினால் அதுவே அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும். வரிசைப்படுத்த இயந்திரம் காத்திருக்கும், அதற்கு வயதாவதில்லை. பெயர் தெரிந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம்!